ரசம் வத்தினா உப்பு கரிக்கும், தண்ணி வத்தினா லெட் கூடும்: சிகாகோ தங்கச்சிக்கு ஒரு பதில்

வந்த கடிதம் சுருக்கமா: "அக்கா, நாங்க சிகாகோ ரோஜர்ஸ் பார்க்ல ஒரு டூ ஃப்ளாட்ல கீழ் வீட்டுல வாடகைக்கு இருக்கோம், 1920கள்ல கட்டின வீடு. உங்க வீட்டுக்கு வர்ற தண்ணி பைப் லெட்டுன்னு, அதாவது காரீயம்னு, நகராட்சில இருந்து ஒரு லெட்டர் வந்திருக்கு. 10 மாசக் குழந்தை, ஃபார்முலா பால்தான் குடிக்கறா. திருச்சில இருந்து வந்திருக்கற அம்மா, கொதிக்க வச்சா எல்லாம் போயிடும், நாங்கல்லாம் ஈயச் சொம்புல ரசம் வச்சு சாப்ட்டவங்கதானேன்னு சொல்றாங்க. மேல் வீட்டு ஓனரம்மா 30 வருஷமா இதே தண்ணிதான் குடிக்கறேங்கறாங்க. எங்க வீட்டுக்காரர் எச்1பி விசா, கம்ப்ளைன்ட் பண்ணினா பிரச்சனை வருமோன்னு பயப்படறார். பேசாம புறநகர்ல நேப்பர்வில் பக்கம் போயிடலாமா?"

தங்கச்சி, இன்னைக்கு ராத்திரி என்ன பண்ணணுங்கறத மொதல்ல சொல்லிடறேன், மத்ததெல்லாம் அப்புறம். குழந்தைக்கு ஃபார்முலா கலக்கற தண்ணிய குழாய்ல இருந்து நேரா புடிக்கறத இன்னையோட நிறுத்துங்க. ஃபில்டர் வர்ற வரைக்கும் பாட்டில் தண்ணி வாங்கி அதுல கலக்குங்க. கொதிக்க வைக்கறது கிருமிக்குத்தான். லெட் ஒரு உலோகம், அது ஆவியாகாது, தண்ணிதான் ஆவியாகிப் போகும், பாத்திரத்துல மிஞ்சற கொஞ்சத் தண்ணில அதே லெட் அடர்த்தியா நிக்கும். ரசம் வத்தினா உப்பு கரிக்குது இல்ல, அதே கணக்குதான். அம்மாகிட்ட இப்படியே சொல்லுங்க, அடுப்படில அத்தனை வருஷம் நின்னவங்களுக்கு இது ஒரே வரில புரிஞ்சிடும்.

இன்னொண்ணு, சுடுதண்ணிக் குழாயத் திறந்து அதுல சமைக்காதீங்க, குடிக்காதீங்க. சூடான தண்ணி லெட்ட இன்னும் வேகமா கரைக்கும். நான் குடிநீர் சுத்திகரிப்பு வேலைல 20 வருஷத்துக்கு மேல இருக்கேன், ஆனா இந்த நாட்டுக்கு வந்த புதுசுல ஒரு பழைய அபார்ட்மென்ட்ல இருந்தப்ப, சாதம் சீக்கிரம் வெந்துடும்னு சுடுதண்ணிக் குழாய்லதான் உலை வச்சேன், ரெண்டு குளிர்காலம் பூரா. அந்தக் கட்டிடத்துல என்ன பைப் இருந்துச்சுன்னு யாரும் சொல்லல, எனக்கும் கேக்கத் தோணல. அப்ப நான் கர்ப்பமா வேற இருந்தேன். இப்ப நெனச்சாலும் வயித்தக் கலக்குது, அதனாலதான் உங்க லெட்டரப் படிச்ச அன்னைக்கே உக்காந்து எழுதறேன்.

அம்மா சொன்ன ஈயச் சொம்புக்கு வர்றேன், ஏன்னா இத நிறைய வீட்டுல கேட்டிருக்கேன், இதுல நம்ம மொழியே நம்மள கொஞ்சம் குழப்புது. வெள்ளீயம், காரீயம்னு ரெண்டு தனித்தனி உலோகம், பேச்சுல ரெண்டையும் ஈயம்னே சொல்லிடறோம். ரசம் வைக்கற சொம்பு வெள்ளீயத்துல செஞ்சது, இங்க்லீஷ்ல டின். நகராட்சி லெட்டர்ல இருக்கற லெட் காரீயம், அது வேற ஜாதி, அது மூளைக்கும் நரம்புக்கும் போற விஷம். நல்ல வெள்ளீயச் சொம்புல ரசம் வச்சதுக்கும் இந்தப் பைப்புக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா காரீயம் கலந்து செஞ்ச சொம்பும் சந்தைல இருக்கு, கண்ணால பாத்து கண்டுபுடிக்க முடியாது, ரசம் வேற புளி, தக்காளின்னு புளிப்பு, உலோகத்த நல்லா இழுக்கும். அம்மா அத பெட்டில கொண்டு வந்திருந்தாங்கன்னா குழந்தை வளர்ற வரைக்கும் பரண்ல வச்சிடுங்க. இந்தியால செஞ்ச சில அலுமினிய, பித்தளை, இண்டாலியம் பாத்திரங்கள்ல இருந்து லெட் இறங்குதுன்னு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025ல எச்சரிக்கையே விட்டுச்சு. ஊர்ல இருந்து வர்ற கண் மையும் குழந்தைக்கு வேண்டாம், சிலதுல லெட் இருக்கு.

சரி, இந்த லெட் எங்க இருந்து வருது. இத புரிஞ்சிக்கிட்டா நேப்பர்வில் கேள்விக்கு பாதி பதில் கெடச்சிடும். சிகாகோ தண்ணி மிச்சிகன் ஏரித் தண்ணி, நேவி பியர் பக்கத்துல இருக்கற ஜார்டின் சுத்திகரிப்பு நிலையமும் தெக்குல இன்னொரு நிலையமும் சேந்து சுத்தம் பண்ணி அனுப்புது. அங்க இருந்து கெளம்பறப்ப அந்தத் தண்ணில லெட் பிரச்சனை இல்ல. தெருவுக்கு அடியில போற பெரிய மெயின் பைப் இரும்பு, பிரச்சனை அதுலயும் இல்ல. மெயின்ல இருந்து உங்க வீட்டு பேஸ்மென்ட்டுக்குள்ள வர்ற அந்தச் சின்ன பைப்பு இருக்கு பாருங்க, சர்வீஸ் லைன், அதுதான் லெட்டு. நேப்பர்வில் குடிக்கறதும் இதே ஏரித் தண்ணிதான், சிகாகோ சுத்தம் பண்ணின தண்ணியத்தான் டுபேஜ் வாட்டர் கமிஷன் 1992ல இருந்து வாங்கி அந்தப் பக்கத்து ஊர்களுக்கு குடுக்குது. தண்ணி ஒண்ணு, வீட்டுக்குள்ள வர்ற அந்தக் கடைசி பைப்புதான் வேற.

சிகாகோல இது ஏன் இவ்வளவு மோசம்னா, மத்த ஊர்கள் பல எப்பவோ லெட் பைப்ப விட்டுட்டப்ப கூட இங்க சின்ன வீடுகளுக்கு லெட் பைப்புதான் போடணும்னு நகராட்சி விதிலயே எழுதி வச்சிருந்தாங்க, 1986ல மத்திய அரசு தடை பண்ற வரைக்கும். அதனால 4 லட்சம் லெட் சர்வீஸ் லைனுக்கு மேல பூமிக்கு அடியில கெடக்கு, அமெரிக்காவுல எந்த ஊர்லயும் இவ்வளவு இல்ல. 6 வயசுக்கு கீழ இருக்கற சிகாகோ குழந்தைகள்ல 68 சதவீதம் பேர் லெட் கலந்த தண்ணி குடிக்கறாங்கன்னு 2024ல வந்த ஒரு ஆய்வு கணக்கு போட்டுச்சு. மத்திய சுற்றுச்சூழல் நிறுவனம் 2024 அக்டோபர்ல விதி போட்டு ஊர்களெல்லாம் 10 வருஷத்துல மாத்தணும்னுச்சு, சிகாகோ மாதிரி ரொம்ப அதிகமா இருக்கற ஊருக்கு கூடுதல் வருஷம் குடுத்துச்சு, அப்பவும் நகராட்சி போட்ட திட்டம் 2076 வரைக்கும் போகுது. உங்க பொண்ணுக்கு அப்ப 50 வயசு ஆயிருக்கும். பக்கத்து ஸ்டேட்ல மேடிசன்னு ஒரு ஊர் 2001ல ஆரம்பிச்சு பத்து பன்னண்டு வருஷத்துல 8 ஆயிரம் பைப்பயும் மாத்தி முடிச்சிடுச்சு. சின்ன ஊர், சின்ன எண்ணிக்கைதான், இருந்தாலும் மனசு வச்சா நடக்கற வேலைதான் இது.

ஓனரம்மா 30 வருஷம் குடிச்சேன்னு சொல்றது பொய்யா இருக்காது. லெட் பெரியவங்கள ஒரே நாள்ல படுக்க வைக்கற சாமான் இல்ல, ரத்த அழுத்தம், சிறுநீரகம்னு மெதுவா வேலை காட்டும், எதனால வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. குழந்தை விஷயம் வேற. வளர்ற மூளை, சின்ன உடம்பு, குடல் லெட்ட அதிகமா உறிஞ்சிடும், இவ்வளவு வரைக்கும் போனா பரவால்லன்னு ஒரு அளவே கெடையாது. ஃபார்முலா பால் குடிக்கற குழந்தைக்கு உடம்புல சேர்ற லெட்ல 40ல இருந்து 60 சதவீதம் தண்ணி வழியா போகலாம்னு சுற்றுச்சூழல் நிறுவனமே சொல்லுது.

'நகராட்சி தண்ணி டெஸ்ட்ல பாஸ்தானே'ன்னு யாராவது சொல்லுவாங்க. அந்த டெஸ்ட் எப்படின்னா, ஊர்ல கொஞ்சம் வீட்ட எடுத்து பாக்கறாங்க, அதுல பத்துல ஒரு வீட்டுக்கு மேல 15 பிபிபி தாண்டினாத்தான் நகராட்சி மேல நடவடிக்கை. பிபிபின்னா நூறு கோடில ஒரு பங்கு. பத்துல ஒரு வீடு எவ்வளவு தாண்டினாலும் ஊர் பாஸ். புது விதில அந்த 15அ 10ஆ கொறைக்கறாங்க. ஆனா அது நகராட்சிக்கான எல்லை, குழந்தைக்கான எல்லை இல்ல, குழந்தைக்கு குறி வைக்க வேண்டியது பூஜ்யம்தான்.

தண்ணில பாஸ்பேட்னு ஒண்ணு கலக்கறாங்க, அது பைப்போட உள்பக்கம் ஒரு படலம் மாதிரி படிஞ்சு லெட்ட தண்ணில கலக்க விடாம தடுக்கும். மிச்சிகன்ல ஃப்ளின்ட்ங்கற ஊர்ல 2014 ஏப்ரல்ல காசு மிச்சம் பண்றோம்னு ஆத்துத் தண்ணிக்கு மாறினப்ப அரிப்பத் தடுக்கற மருந்து எதுவுமே கலக்காம விட்டுட்டாங்க, உள்ள இருந்த படலம் போயி லெட்டு கொட்டுச்சு. சிகாகோல அந்த மருந்து போகுது, அதனால பயந்து நடுங்க வேண்டாம். ஆனா தெருவுல தோண்டினாலோ, மெயின் மாத்தினாலோ, மீட்டர் வச்சாலோ பைப்பு ஆடும், படலம் பேந்து துணுக்கு துணுக்கா வரும். உங்க தெருவுல தண்ணி வேலை நடந்தா அந்த வாரம் ரொம்ப ஜாக்கிரதை.

இப்ப ஃபில்டர். டெவான் அவென்யூ போற வழில எந்தக் கடைலயும் கெடைக்கும், ஆனா டப்பாவப் படிச்சு வாங்குங்க. என்எஸ்எஃப்ங்கற தரச் சான்றுல ஸ்டாண்டர்ட் 53ன்னு போட்டு, லெட்ட எடுக்கும்னு தனியா எழுதியிருக்கணும். 42ன்னு மட்டும் இருந்தா அது க்ளோரின் வாசனைக்குத்தான், லெட்டுக்கு உதவாது. நம்ம ஆளுங்க ஆர்ஓன்னா உடனே நம்புவாங்க, ஆர்ஓவும் நல்லதுதான், அதுக்கு 58ங்கற நம்பர் பாக்கணும், ஆனா வாடகை வீட்டுல சிங்குக்கு அடியில பொருத்த ஓனர்கிட்ட கேக்கணும், அதனால குழாய்ல மாட்டறதோ ஜக்கோ போதும். பச்சத்தண்ணி மட்டும் ஊத்துங்க, கார்ட்ரிட்ஜ அவங்க சொன்ன நாளுக்குள்ள மாத்துங்க. குடிக்க, ஃபார்முலா, சாதம், பருப்பு, இட்லிக்கு ஊறப் போடறது, காபி டிகாக்ஷன், இதுக்கெல்லாம் ஃபில்டர் தண்ணி, ஏன்னா அரிசியும் பருப்பும் தண்ணிய அப்படியே உள்ள இழுத்துக்கும். குளிக்க, துணி தோய்க்க, பாத்திரம் கழுவ குழாய்த் தண்ணியே போதும், தோல் வழியா லெட் ஏறாது. காலைல எழுந்ததும், இல்ல வெளிய போயிட்டு வந்து 6 மணி நேரத்துக்கு மேல ஆனதும் 5 நிமிஷம் பச்சத்தண்ணிய ஓட விட்டுட்டு அப்புறம் ஃபில்டர்ல புடிங்க. குழாய் நுனில இருக்கற சல்லடையையும் கழட்டி கழுவுங்க, துணுக்கு அங்கதான் தங்கும்.

குழந்தைக்கு ரத்த டெஸ்ட் எடுக்கணும். சிகாகோல 1 வயசுலயும் 2 வயசுலயும் எடுக்கச் சொல்றதுதான் வழக்கம், நீங்க அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே டாக்டர்கிட்ட இந்த லெட்டரக் காட்டி கேளுங்க. விரல்ல குத்தி எடுத்தது அதிகமா காட்டினா பதறாதீங்க, விரல்ல இருந்த அழுக்கு கூட அப்படிக் காட்டும், கை நரம்புல எடுத்து உறுதி பண்ணுவாங்க. ஒரு டெசிலிட்டர் ரத்தத்துல லெட் 3.5 மைக்ரோகிராமுக்கு மேல போனா டாக்டர் கூடுதலா கவனிப்பாங்க. இரும்புச் சத்தும் கால்சியமும் நல்லா இருந்தா உடம்பு லெட்ட கம்மியா எடுத்துக்கும், அம்மா கேப்பைக் கூழ் காய்ச்சிக் குடுக்கட்டும், ஃபில்டர் தண்ணில. அம்மாவுக்கும் அதுல ஒரு சந்தோஷம்.

தண்ணியவே பேசிட்டு இன்னொண்ண விட்டுடக் கூடாது. 1920கள்ல கட்டின வீடுன்னா பெயின்ட்லயும் லெட் இருக்கும், 1978லதான் அத தடை பண்ணினாங்க. ஜன்னலத் தூக்கி இறக்கறப்ப பழைய பெயின்ட் பொடியா உதிரும், தவழ்ற குழந்தை கைய வாயில வைக்கும். ஜன்னல் அடிய ஈரத்துணியால தொடைங்க, தொடப்பத்தால பெருக்காதீங்க, அது பொடியக் கெளப்பி விடும். பெயின்ட் உரிஞ்சு தொங்கற எடம் இருந்தா ஃபோட்டோ எடுத்து ஓனரம்மாவுக்கு எழுத்துல அனுப்புங்க.

ஓனரம்மாகிட்ட எப்படி பேசறதுன்னு கேக்காமலே கேட்டிருக்கீங்க. சண்டையா ஆரம்பிக்காதீங்க. பேஸ்மென்ட்ல பைப்பு உள்ள நுழையற எடத்துக்கு அவங்களோட சேந்து போங்க, ஒரு சாவியால லேசா சுரண்டிக் காட்டுங்க, உள்ள வெள்ளி மாதிரி பளபளன்னு வந்து, காந்தமும் ஒட்டலன்னா லெட்டு. அப்புறம் கை கழுவிடுங்க. மாத்தறதுக்கு இங்க ஒரு வீட்டுக்கு 30 ஆயிரம் டாலர் வரைக்கும் ஆகுது, அதக் கேட்டா யாரா இருந்தாலும் கதவச் சாத்திடுவாங்க. ஆனா அதே வீட்டுல குடியிருக்கற ஓனர், வருமானம் இந்த ஏரியாவோட நடுத்தர வருமானத்துல 80 சதவீதத்துக்கு கீழன்னா, நகராட்சியே முழுசா இலவசமா மாத்திக் குடுக்கற திட்டம் இருக்கு. மேல் வீட்டுல தனியா இருக்கற ரிட்டயர்ட் ஆன அம்மான்னா அதுல வர நிறைய வாய்ப்பு இருக்கு. அவங்களுக்கு இது தெரியாமலே இருக்கலாம், விண்ணப்பம் போட நீங்க கூட உக்காந்து உதவி பண்ணலாம். அதுல வரலன்னா, சொந்தச் செலவுல மாத்தறவங்களுக்கு பெர்மிட் கட்டணத்தத் தள்ளுபடி பண்றாங்க. லெட் பைப் கசிஞ்சாலோ ஒடஞ்சாலோ நகராட்சியே முழுசா மாத்தித் தருது, பேஸ்மென்ட்ல ஈரம் பாத்தா உடனே 311ங்கற நகராட்சி சேவை நம்பருக்கு போன் போடுங்க. பாதி பைப் மட்டும் மாத்தித் தர்றேன்னு எந்த காண்ட்ராக்டராவது சொன்னா வேண்டாம்னுடுங்க, அது லெட்ட அதிகமாக்கும், இல்லினாய் சட்டமும் அத அனுமதிக்கல.

இனிமே உங்க வீட்டுக்காரர் பயம். இப்ப இருக்கற சூழ்நிலையில விசால இருக்கறவங்க பயப்படறத நான் லேசா எடுத்துக்க மாட்டேன். ஆனா 311க்கு போன் பண்ணி தண்ணி டெஸ்ட் கிட் கேக்கறது கம்ப்ளைன்டே இல்ல, அது நகராட்சி இலவசமா குடுக்கற சேவை. சிகாகோல 1985ல மேயர் ஹெரால்ட் வாஷிங்டன் போட்ட உத்தரவுல ஆரம்பிச்ச வழக்கம் ஒண்ணு இருக்கு, 2012ல வெல்கமிங் சிட்டின்னு சட்டமாவே ஆச்சு, நகராட்சி ஊழியர்கள் சேவைக்கு வர்றவங்ககிட்ட குடியுரிமை நிலைமைய விசாரிக்கக் கூடாது. அதனால தைரியமா போன் பண்ணச் சொல்லுங்க.

அதுக்கு மேலயும் ஒரு படி போங்கன்னு சொல்லுவேன். சிகாகோ 50 வார்டு, வார்டுக்கு ஒரு ஆல்டர்பெர்சன், நம்ம ஊர் கவுன்சிலர் மாதிரிதான் ஆனா கைல அதிகாரம் ரொம்ப ஜாஸ்தி. ரோட்டு வேலை, வெளக்கு மாதிரி செலவுகளுக்கு ஒவ்வொரு வார்டுக்கும் வருஷா வருஷம் தனியா பணம் ஒதுக்கறாங்க. ரோஜர்ஸ் பார்க்ல பெரும்பகுதி இருக்கற 49வது வார்டுல 2010ல, அமெரிக்காவுலயே மொத தடவையா, அந்தப் பணத்த எதுக்கு செலவு பண்றதுன்னு குடியிருக்கறவங்களையே ஓட்டு போட விட்டாங்க, அதுக்கு குடியுரிமை தேவையில்ல. ஸ்கூலுக்கு ஸ்கூல் இருக்கற லோக்கல் ஸ்கூல் கவுன்சில் தேர்தலும் அப்படித்தான், 1988 சட்டத்துல வந்தது, அந்த எல்லைக்குள்ள குடியிருக்கறவங்க குடிமக்களா இல்லன்னாலும் ஓட்டு போடலாம், நிக்கலாம். ஸ்கூல்ல குடிக்கற தண்ணி பத்தி கேள்வி கேக்க அதவிட நல்ல எடம் இல்ல. ஆனா இந்த ரெண்டையும் தவிர, நகராட்சி, ஸ்டேட், மத்திய தேர்தல் எதுக்கும் வோட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம்ல கையெழுத்து போட்டுடாதீங்க. லைசன்ஸ் எடுக்கப் போற எடத்துலயே கேப்பாங்க, அவசரத்துல டிக் பண்ணிட்டா பின்னாடி கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் எல்லாத்துலயும் கை வைக்கும். நான் வக்கீல் இல்ல, எதுலயாவது சந்தேகம்னா கையெழுத்துக்கு முன்னாடி இமிக்ரேஷன் வக்கீல கேட்டுடுங்க.

வார்டு ஆபீஸுக்கு போன் பண்ணி ரெண்டு கேள்வி கேளுங்க. எங்க ப்ளாக்ல லெட் பைப் மாத்தறது எப்ப, இந்த வருஷம் எங்க தெருவுல மெயின் வேலை இருக்கா. மெயின் வேலை வந்தா அதோட சேத்து வீட்டு பைப்பயும் மாத்தற வாய்ப்பு உண்டு, ஓனர் கையெழுத்து போட்டு உள்ள விடணும், அவ்வளவுதான். ஒரு ஆள் கேட்டா குறிச்சு வச்சுப்பாங்க, பக்கத்து நாலு வீட்டையும் சேத்துக்கிட்டு கேட்டா திருப்பிக் கூப்புடுவாங்க. ஃப்ளின்ட்ல லீஆன் வால்டர்ஸ்னு ஒரு அம்மாதான், ரசாயனம் படிச்சவங்க கெடையாது, நாலு பிள்ளைங்கள வச்சிக்கிட்டு தன் வீட்டுத் தண்ணிய டெஸ்ட் பண்ண வச்சு, கூட்டம் கூட்டமா போயி பேசி, ஊர் பூரா பாட்டில்ல தண்ணி சேத்து, அதிகாரிங்க சரியா இருக்குன்னு சொன்னது சரியில்லன்னு நிரூபிச்சவங்க. உங்க ஏரியால என்ன நடக்குதுன்னு தெரிய ப்ளாக் க்ளப் சிகாகோங்கற லோக்கல் செய்தித் தளத்தப் படிங்க, ரோஜர்ஸ் பார்க்குக்குன்னே தனியா செய்தி போடறாங்க, தண்ணி வேலை, தெரு வேலை எல்லாம் அதுலதான் மொதல்ல வரும்.

நேப்பர்வில் போறதப் பத்தி. புது வீடா இருந்தா இந்தப் பைப் பிரச்சனை இருக்காது, உண்மைதான். கோயில் பக்கம், தமிழ் ஆளுங்க ஜாஸ்தி, அதுக்காகப் போறதுன்னா போங்க. இந்த லெட்டருக்குப் பயந்து லீஸ ஒடச்சு, அபராதம் கட்டி, குளிர்காலத்துல கைக்குழந்தையத் தூக்கிட்டு ஓட வேண்டாம். சரியான ஃபில்டர் ஒண்ணு 30, 40 டாலர்ல இந்த ஆபத்த பெருமளவு கொறச்சிடும். அப்புறம் பழைய புறநகர் எல்லாத்துலயும் லெட் பைப் உண்டு, எங்க போனாலும் கையெழுத்துக்கு முன்னாடி சர்வீஸ் லைன் என்ன பைப்புன்னு கேளுங்க.

டெஸ்ட் கிட்ல 3 பாட்டில் வரும். ராத்திரி பூரா தண்ணியத் தொடாம காலைல மொதல்ல புடிக்கறது ஒண்ணு, கொஞ்ச நிமிஷம் ஓட விட்டு ஒண்ணு, 5 நிமிஷம் கழிச்சு ஒண்ணு. ஃபில்டரக் கழட்டிட்டு புடிக்கணும். மொத பாட்டில் மட்டும் அதிகம்னா பெரும்பாலும் உங்க குழாயும் வீட்டுக்குள்ள இருக்கற இணைப்பும்தான், அத ஓனர் சின்னச் செலவுல மாத்திடலாம். அடுத்த பாட்டில்கள்ல ஏறுச்சுன்னா வெளிய இருக்கற லெட் லைன். மூணுமே கம்மியா வந்தாலும் ஃபில்டர நிறுத்தாதீங்க, இன்னைக்கு துணுக்கு வரலன்னா நாளைக்கு வரலாம். ரிப்போர்ட் வந்ததும் 3 நம்பரையும், எந்த பாட்டில் எதுன்னு குறிச்சு, குழந்தையோட ரத்த டெஸ்ட் நம்பரையும் சேத்து எனக்கு எழுதுங்க, ஓனரம்மாவோட விண்ணப்பத்துக்கு என்னென்ன காகிதம் வேணும்னு அப்ப சேந்து பாத்துடலாம்.